ஜப்பானிய கான்ஜி கற்க நூல்களையும் கருவிகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மொழியின் ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானாவிலும் கதகானாவிலும் தலா 46 அடிப்படை எழுத்துகளே உள்ளன. ஒழுங்காக உட்கார்ந்து படிப்பவர் ஒரு மாதத்தில் இரண்டையும் வாசிக்கப் பழகிவிடலாம். சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகளான கான்ஜி அப்படிப்பட்டதன்று. ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி அறிவித்த ஜோயோ கான்ஜிப் பட்டியலில், பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என 2136 எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. நாளுக்கு 5 எழுத்து வீதம் ஒரு நாளும் விடாமல் படித்தாலும் அப்பட்டியலைக் கடக்க 14 மாதங்கள் ஆகும். நாளுக்கு 3 என்றால் ஏறக்குறைய 2 ஆண்டுகள். அவ்வளவு காலம் உடன்வரப் போகும் நூலைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிப்பது தகும். ஆனால், பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே நான்கு நூல்களையும் ஐந்து செயலிகளையும் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றிலும் முதல் 50 எழுத்துகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக் களைத்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தை அதன் சொற்களோடு சேர்த்துக் கற்பிக்கும் நூலையே வாங்க வேண்டும். படம் அழகாக இருப்பதும், கதை சுவையாக இருப்பதும், எழுத்துகளின் எண்ணிக்கை அதிகமாக இருப்பதும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. இதற்கான காரணம் கான்ஜியின் இயல்பிலேயே இருக்கிறது.

முன்தயாரிப்பு: ஓர் எழுத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என அறிதல்

நம் பழைய பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் வருடத்திற்கு ௵ என்றும், மாதத்திற்கு ௴ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் குறிகள் இருந்தன. அக்குறிகளில் ஒலி எழுதப்படவில்லை. கண்டவுடன் சொல்லை நாமே சொல்லிக்கொள்கிறோம். கான்ஜியும் அவ்வாறே பொருளைச் சுமக்கும் குறிதான். ஆயினும் ஒரு குறிக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்புகள் உண்டு. சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஒலிப்பை ஒன்-யொமி என்றும், அதே பொருளுக்கு ஜப்பானியரிடம் முன்பே இருந்த சொல்லால் வாசிப்பதைக் குன்-யொமி என்றும் அழைக்கிறார்கள். தமிழர்க்கு இதை விளக்குவது எளிது. தண்ணீருக்கு ஒரே ஒரு குறி இருப்பதாகவும், அது தனித்து நிற்கும்போது ‘நீர்’ என்றும், ‘தரங்கம்’ என்ற சொல்லின் முன் வரும்போது ‘ஜல’ என்றும் வாசிக்கப்படுவதாகவும் எண்ணிப் பாருங்கள். ஜப்பானியத்தில் தண்ணீருக்கான எழுத்து தனித்து நின்றால் ‘மிஸு’. புதன்கிழமையைக் குறிக்கும் ‘ஸுயியோபி’யிலும், குழாய்நீர் வழங்கலைக் குறிக்கும் ‘ஸுயிதோ’விலும் அதே எழுத்து ‘ஸுயி’.

பிறப்பு, வாழ்வு என்னும் பொருளுடைய எழுத்து இதைவிடக் கடினமானது. ஆசிரியர் என்னும் ‘ஸென்ஸே’யில் அது ‘ஸே’, பிறந்தநாள் என்னும் ‘தஞ்ஜோபி’யில் ‘ஜோ’, வாழ்தல் என்னும் ‘இகிரு’வில் ‘இ’, பிறத்தல் என்னும் ‘உமரெரு’வில் ‘உ’. சமைக்காத பச்சைப் பொருளைச் சொல்லும்போது ‘நமா’. இவ்வொலிப்புகளை ஒரு பட்டியலாக அடுக்கி மனப்பாடம் செய்தவர், ‘தஞ்ஜோபி’ என்ற சொல்லை எதிரில் கண்டால் எந்த ஒலியை எடுப்பது எனத் தெரியாமல் நிற்பார். ஐந்து சொற்களைக் கற்றவருக்கோ ஐந்து ஒலிப்புகளும் இடமறிந்து தாமே வந்துசேரும். இனி வரும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றை மனத்தில் வைத்து அமைந்தவை.

முதற்படி: எதற்காகப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்தல்

ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு உங்கள் இலக்காக இருந்தால், அதில் கையால் எழுதும் பகுதியே இல்லை என்பதை அறிந்து நூல் வாங்க வேண்டும். கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அத்தேர்வின் முறை. சென்னையில் அதை ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய் தமிழ்நாடு மையம் நடத்துகிறது. தேர்வு 2010-இல் எளிய என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகளாக மாற்றியமைக்கப்பட்ட பிறகு, எந்த நிலைக்கு எந்தெந்த எழுத்துகள் என்ற அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. ஆகவே ‘என்3 கான்ஜி முழுப் பட்டியல்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது அப்பதிப்பகத்தின் மதிப்பீடே ஆகும். அம்மதிப்பீடுகள் பயனுள்ளவைதாம், ஆனால் இரு நூல்களின் பட்டியல்கள் வேறுபடுவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் ஜப்பான் செல்ல விரும்புவோர் என்4 நிலையிலோ, அதற்கென உள்ள ஜேஎஃப்டி-பேசிக் தேர்விலோ தேற வேண்டும். முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்பவருக்கு உணவு, குளியல், மருந்து உட்கொள்ளல், உடல்வெப்பம் போன்ற சொற்களின் கான்ஜி முதலில் தேவை. இவர்கள் பொதுவான பெரிய நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதைவிட, ஜப்பான் அறக்கட்டளை இணையத்தில் இலவசமாகத் தரும் இரோதொரி போன்ற வாழ்க்கைச் சூழல் சார்ந்த பாடங்களில் தொடங்கி, துறைச் சொற்களைத் தனியே சேர்த்துக்கொள்வது நல்லது. முகவரியையும் பெயரையும் படிவத்தில் கையால் எழுதும் தேவையும் அங்கே எழும்.

கையால் எழுதும் திறனையே இலக்காகக் கொண்டவர்களுக்கு ஜப்பானியர்களே எழுதும் கான்ஜி கென்தேய் என்னும் தேர்வு உண்டு. அதன் தொடக்க நிலையான 10-ஆம் நிலைக்கு 80 எழுத்துகள். 2-ஆம் நிலைக்கு ஜோயோ பட்டியல் முழுவதும். வாசிப்பு மட்டுமே நோக்கம் என்போருக்கு எந்தத் தேர்வு நூலும் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: நூல் பின்பற்றும் வரிசையைப் பார்த்தல்

ஒவ்வொரு நூலும் ஏதோ ஒரு வரிசையில் எழுத்துகளை அறிமுகப்படுத்துகிறது. அந்த வரிசை யாருக்காக வகுக்கப்பட்டது என்று கேட்டுப் பார்த்தாலே பாதித் தெளிவு பிறந்துவிடும்.

ஜப்பானியத் தொடக்கப்பள்ளி வரிசையில் ஆறு வகுப்புகளுக்குமாக 1026 எழுத்துகள் உள்ளன. முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 எனத் தொடர்கின்றன. அக்குழந்தைகள் பள்ளிக்கு வரும்போதே ஆயிரக்கணக்கான சொற்களைப் பேசத் தெரிந்தவர்கள். அவர்களுக்குச் சொல் முன்பே தெரியும், குறிதான் புதிது. நமக்கு இரண்டுமே புதியவை. சிப்பி, நூல்இழை, பூச்சி, மூங்கில் ஆகியவை அங்கே முதல் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன, ரயில் நிலையத்தைக் குறிக்கும் ‘எகி’யும், குடித்தல் என்னும் ‘நொமு’வும் மூன்றாம் வகுப்புக்குத் தள்ளப்படுகின்றன, ‘நான்’ என்று பொருள்படும் ‘வதஷி’ ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. எனவே பள்ளிப் பயிற்சி ஏடுகளை எழுதிப் பழகும் துணைநூலாக வைத்துக்கொள்ளலாமே தவிர, முதன்மை நூலாகக் கொள்வது வயதுவந்த மாணவருக்குப் பொருந்தாது.

மொழிப்பாட நூலோடு ஒட்டிச் செல்லும் வரிசைதான் வகுப்பில் படிப்பவருக்கு ஏற்றது. கென்கி என்னும் தொடக்கநிலைப் பாடநூலின் இரு தொகுதிகளிலும் சேர்த்து 317 எழுத்துகள் உள்ளன. பாடத்தில் வந்த சொற்களே அவற்றில் எழுத்தாகத் திரும்ப வருவதால் தனி உழைப்பு குறைகிறது. கான்ஜிக்கென்றே அமைந்த பேசிக் கான்ஜி புக் இரண்டு தொகுதிகளில் 500 எழுத்துகளைச் சொற்களோடும் வாசிப்புப் பயிற்சியோடும் தருகிறது.

உறுப்புகளின் அடிப்படையில் அமைந்த வரிசை மூன்றாவது வகை. எளிய உறுப்பை முதலில் கற்பித்து, அதைக் கொண்டு பெரிய எழுத்தைக் கட்டுவது இதன் முறை. மனிதன் என்ற உறுப்பும் மரம் என்ற எழுத்தும் சேர்ந்தால் ஓய்வு. ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் ஒளி. இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது ஜேம்ஸ் ஹைசிக்கின் நூல். அதன் முதல் தொகுதி, 6-ஆம் பதிப்பில், 2200 எழுத்துகளின் வடிவத்தையும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலத் திறவுச்சொல்லையும் கற்பிக்கிறது; ஒலிப்பு எதையும் கற்பிப்பதில்லை. வடிவத்தை மறவாதிருக்க அம்முறை உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2200 ஆங்கிலச் சொற்களின் நுண்ணிய பொருள் வேறுபாடுகளைத் துல்லியமாக நினைவில் வைத்திருப்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நமக்கு இரட்டைச் சுமை. ஆண்டு முழுவதும் உழைத்த பின்னும் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டு வாசிக்க முடியாத நிலையில் நிற்பது பலரைச் சோர்வடையச் செய்கிறது. அம்முறை பிடித்திருந்தால், கதைகளைத் தமிழில் நீங்களே எழுதிக்கொண்டு, சொல் கற்பிக்கும் வேறொரு நூலோடு இணைத்துப் பயன்படுத்துங்கள்.

உறுப்புகளைப் பற்றிப் பேசும் நூல்களில் இன்னொன்றையும் தேட வேண்டும். பெரும்பாலான கான்ஜிகளில் ஓர் உறுப்பு பொருளையும் மற்றோர் உறுப்பு ஒலியையும் சுட்டுகின்றன. மொழி என்னும் பொருளுடைய ‘கொ’ எழுத்தின் இடப்பக்கத்தில் பேச்சு. வலப்பக்கத்தில் மேலே ஐந்து, கீழே வாய். ஐந்தின் ஒலிப்பும் ‘கொ’வே. நீலம் என்னும் எழுத்தின் ஒன்-யொமி ‘ஸே’. அதனோடு ஞாயிறு சேர்ந்து வானம் தெளிவது, நீர் சேர்ந்து தூய்மை, பேச்சு சேர்ந்து வேண்டுகோள், அரிசி சேர்ந்து சாரம் என ஆகும்போதும் ‘ஸே’ என்ற ஒலிப்பு மாறுவதில்லை. விதிவிலக்குகள் உண்டு, கோயில் என்னும் எழுத்தை ஒலியுறுப்பாகக் கொண்ட நேரமும் பிடித்தலும் ‘ஜி’ என ஒலிக்க, காத்திருத்தல் மட்டும் ‘தய்’ என்கிறது. இருந்தும், இந்த ஒலிக் குடும்பங்களை அடையாளம் காட்டும் நூல், 300 எழுத்துகளைத் தாண்டிய மாணவருக்குப் பெருந்துணை.

மூன்றாம் படி: பக்கத்தைத் திறந்து சோதித்தல்

கடையிலோ இணையத்தின் மாதிரிப் பக்கத்திலோ நூலைப் பார்க்கும்போது, முன்னுரையைப் படிப்பதைவிட இடது, வலது என்னும் இரு எழுத்துகள் உள்ள பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டின் மேற்பகுதியும் பார்வைக்கு ஒன்றே: ஒரு கிடைக்கோடு, அதை வெட்டும் ஒரு சாய்கோடு. ஆனால் முறையான எழுதும் வரிசையில் இடதுக்குக் கிடைக்கோடு முதலில் வரும். வலதுக்குச் சாய்கோடு முதலில் வரும். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958-இல் வெளியிட்ட கையேட்டின் வழியே பள்ளிகளில் நிலைபெற்ற வரிசை இது. இவ்விரண்டையும் ஒரே மாதிரி காட்டும் நூலோ செயலியோ கவனமின்றித் தொகுக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து எழுத்துருவைப் பாருங்கள். செய்தித்தாள் அச்செழுத்துக்கும் கையெழுத்துக்கும் இடையே சில வடிவங்கள் மாறும். 2019-இல் தொடங்கிய ரெய்வா ஆண்டுக்கணக்கின் பெயரிலுள்ள ‘ரெய்’ எழுத்தே இதற்குச் சான்று: அச்சில் அதன் கடைசிக் கோடு நேராக இறங்குகிறது, கையெழுத்தில் அப்பகுதி கதகானாவின் ‘மா’வைப் போல முடிகிறது. எழுதப் பழகும் நூல் பாடநூல் எழுத்துருவான கியோகஷோ-தாயில் அமைந்திருக்க வேண்டும். கைபேசியில் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீன, ஜப்பானிய எழுத்துகள் பலவற்றுக்கு யூனிகோடில் ஒரே குறியெண் என்பதால், ஜப்பானிய எழுத்துரு அமைக்கப்படாத கருவியில் எலும்பு, நேர்மை ஆகியவற்றின் எழுத்துகள் சீன வடிவில் தோன்றக்கூடும். கைபேசியின் மொழிப்பட்டியலில் ஜப்பானியத்தைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

பிறகு எழுத்தின் கீழே தரப்பட்ட சொற்களைப் பாருங்கள். ஓர் எழுத்துக்குக் குறைந்தது மூன்று சொற்கள், அவற்றுள் ஒன்றாவது முழு வாக்கியத்தில், ஹிரகானா ஒலிப்போடு இருக்க வேண்டும். வினைச்சொற்களில் கான்ஜிக்குப் பின் ஹிரகானாவில் எழுதப்படும் ஒகுரிகானா பகுதி தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். அருஞ்சொற்களால் பக்கத்தை நிரப்பியிருந்தால் அந்நூல் உங்கள் நிலைக்கு உரியதன்று.

பதிப்பாண்டையும் பாருங்கள். 1981-இன் ஜோயோ பட்டியலில் 1945 எழுத்துகள் இருந்தன; 2010-இல் 196 சேர்க்கப்பட்டு 5 நீக்கப்பட்டன. 1945 என்று எழுதியிருக்கும் பழைய நூலில் தொடக்கநிலை மாணவருக்குப் பெரிய குறை ஒன்றும் நேராது; ஆனால் உயர்நிலை மாணவர் புதிய பதிப்பையே வாங்க வேண்டும். மங்கிய ஒளிநகலை மட்டும் யாரும் வாங்கக் கூடாது. மண் என்னும் எழுத்தில் கீழ்க்கோடு நீளம், வீரன் என்னும் எழுத்தில் மேற்கோடு நீளம். இவ்வளவு சிறிய வேறுபாட்டால் பொருள் மாறும் எழுத்துகளைத் தெளிவற்ற தாளில் கற்பது கண்ணுக்கும் நினைவுக்கும் தீங்கு.

நான்காம் படி: குறிப்பு எழுதும் மொழியைத் தீர்மானித்தல்

ஒலிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். இக்கட்டுரையில் விளக்கத்திற்காக அவ்வாறு எழுதியிருக்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் அது கூடாது. தங்கத்தைக் குறிக்கும் சொல்லும் வெள்ளியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்’ ஆகிவிடும். ஜப்பானியத்தில் முன்னது ‘கண்’ என்பதன் வல்லொலியோடும் பின்னது ‘தங்கம்’ என்பதில் வரும் மெல்லிய ககரத்தோடும் தொடங்குகின்றன. ரோமன் எழுத்திலோ நெடில் குறி விடுபட்டால் வேறொரு பிழை நேரும்: ‘ஷுஜின்’ கணவர், ‘ஷூஜின்’ சிறைக்கைதி. இந்தக் குறில் நெடில் வேறுபாடு தமிழ்க் காதுக்கு இயல்பாகவே கேட்கும். ஒலிப்பை ஹிரகானாவில் எழுதினால் இரண்டு தொல்லைகளும் இல்லை.

பொருளை எழுதத் தமிழே சிறந்தது. ‘அத்ஸுயி’ என்ற ஒரே ஒலியுடைய இரு சொற்கள் இரு வேறு கான்ஜிகளால் எழுதப்படுகின்றன. ஆங்கில அகராதி இரண்டுக்கும் ‘ஹாட்’ என்ற ஒரே சொல்லைத் தரும். தமிழில் ஒன்று வெக்கை, மற்றொன்று சூடு, குழப்பத்திற்கே இடமில்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஆகிய நால்வருக்கும் ஜப்பானியத்தில் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு ஒற்றைச் சொல்லில் முடிவதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிவந்து கற்க வேண்டிய தேவை என்ன?

ஐந்தாம் படி: அகராதி, மீள்பார்வைக் கருவி, கட்டம் போட்ட நோட்டு

முதன்மை நூல் ஒன்று, அகராதி ஒன்று, மீள்பார்வைக் கருவி ஒன்று. இதற்கு மேல் முதல் ஆறு மாதங்களுக்கு எதுவும் வேண்டாம்.

அகராதிக்கு ஜிஷோ என்னும் இலவச இணைய அகராதி போதும். உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தும் விரலால் வரைந்தும் எழுத்தைத் தேடலாம்.

மீள்பார்வைக்குப் பலரும் பயன்படுத்துவது அன்கி. மனப்பாடம் என்பதற்கான ஜப்பானியச் சொல்லே அதன் பெயர். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம். ஐபோனில் மட்டும் விலை உண்டு. நீங்கள் மறக்கும் வேளைக்குச் சற்று முன்பாக அட்டையைத் திரும்பக் காட்டுவது இக்கருவியின் வேலை. பிறர் தொகுத்த 2000 அட்டைகளைத் தரவிறக்கிக்கொள்வதைவிட, உங்கள் நூலில் அன்று படித்த சொற்களை நீங்களே அட்டையாக்குவது மேல். முன்பக்கத்தில் அச்சொல் இடம்பெறும் சிறு வாக்கியத்தையும், பின்பக்கத்தில் ஹிரகானா ஒலிப்பையும் தமிழ்ப் பொருளையும் இடுங்கள். முன்பக்கத்தில் தனி எழுத்தை மட்டும் வைத்து ‘இதன் ஒலிப்புகள் யாவை’ என்று கேட்கும் அட்டைகளைச் செய்யாதீர்கள். நாளுக்கு 5 புதிய எழுத்து, எழுத்துக்கு 3 சொல் என்றால் நாளுக்கு 15 புதிய அட்டைகள்; பழையவை திரும்ப வரும்போது சுமை விரைவில் பெருகும். பணிக்குச் செல்பவர் 3 எழுத்தோடு நிறுத்திக்கொள்வதே நீடிக்கும். அட்டை செய்ய நேரமில்லாதவர்களுக்கு வனிகனி போன்ற ஆயத்தத் தளங்கள் உள்ளன. அதன் முதல் மூன்று நிலைகள் இலவசம், மேற்கொண்டு கட்டணம். அதன் விளக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கையால் எழுதத் தேவையில்லாதவர்களும் முதல் 200 எழுத்துகளை எழுதிப் பார்ப்பது நல்லது. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற கோட்டொழுங்கு அதற்குள் கைக்கு வந்துவிடும். அதன்பின் புதிய எழுத்தின் வரிசையைப் பெரும்பாலும் நீங்களே ஊகித்துவிடலாம். இதற்கென விலையுயர்ந்த ஏடு வேண்டாம். பள்ளிக் குழந்தைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நான்கு கட்டங்களை ஓர் எழுத்துக்குரிய சதுரமாகக் கொண்டால், நடுக்கோடுகள் தாமே வழிகாட்டியாக அமையும்.

ஆறாம் படி: வாசிப்புப் பொருளைச் சேர்த்தல்

ஏறக்குறைய 150 எழுத்துகளைக் கற்றவுடன், நூல் முடியும்வரை காத்திராமல், வாசிக்கத் தொடங்க வேண்டும். நிலைவாரியாக எழுதப்பட்ட சிறு கதைகளைத் ததொகு அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சிறுவர்களுக்கான காமிக்ஸ் இதழ்கள் பலவற்றில் எல்லா கான்ஜிகளுக்கும் பக்கத்தில் ஃபுரிகானா என்னும் சிறு ஒலிப்பெழுத்து அச்சிடப்பட்டிருக்கும். ஃபுரிகானா இருக்கும் இடத்தில் கண் இயல்பாக அதையே நாடும். ஆகவே முதல் வாசிப்பில் ஒரு தாள்துண்டால் அதை மறைத்து ஊகித்துவிட்டு, இரண்டாம் வாசிப்பில் திறந்து சரிபாருங்கள். ஒரு பக்கத்தில் பத்துக்கு மேல் தெரியாத சொற்கள் இருந்தால் அப்புத்தகத்தை ஓராண்டு தள்ளிவையுங்கள்.

ஏழாம் படி: மூன்று மாதம் கழித்துத் தேர்வை மறுபரிசீலனை செய்தல்

நூல் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை மூன்று மாதத்திற்கு முன் முடிவு செய்யாதீர்கள். அப்போது இவ்வாறு சோதியுங்கள். மின்சாரம் என்னும் ‘டென்கி’, தொலைபேசி என்னும் ‘டென்வா’, மின்ரயில் என்னும் ‘டென்ஷா’ ஆகிய சொற்களின் வழியாக முதல் எழுத்தைக் கற்றிருப்பீர்கள். நூலில் வராத ‘ஹத்ஸுடென்’ என்ற சொல்லை ஒரு செய்தியில் கான்ஜியாகக் காணும்போது, அதன் பிற்பாதியைத் தயங்காமல் ‘டென்’ என வாசித்து, மின்சாரத்தோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்நூலை மாற்ற வேண்டாம். அச்சொல்லின் பொருள் மின் உற்பத்தி. ‘இது மின்சாரம்’ என்ற பொருள் மட்டும் நினைவுக்கு வந்து ஒலி எழவில்லையென்றால், சொற்கள் நிறைந்த நூலுக்கு மாறுங்கள். கற்ற வடிவங்கள் வீணாகாது என்பதால் புதிய நூலின் எழுத்து விளக்கங்களை விட்டுவிட்டு, அதன் சொற்பட்டியல்களையும் வாக்கியங்களையும் மட்டும் முதல் பாடத்திலிருந்து நாளுக்கு இரண்டு பாடம் வீதம் படித்துக்கொண்டு வந்தால், விட்ட இடத்தைச் சில வாரங்களில் எட்டிவிடலாம்.